கேள்வி கேட்டவன் எழுதும் பிரஸ் நோட்

பதினாறு ஆண்டுகள் மாவட்ட நிருபராக இருந்தேன். பிரஸ் நோட் கைக்கு வந்ததும் கண் தானாக மூன்றாவது பத்திக்குப் போய்விடும். முதல் பத்தியில் தலைவரின் பெயரும் பதவியும் இருக்கும், இரண்டாவதில் பெருமிதம் இருக்கும். உண்மையில் என்ன நடந்தது என்பது அதற்கும் கீழே எங்கேயாவது கிடக்கும். அதைத் தேடியெடுத்து நாலு வரியாக்கி டெஸ்க்குக்கு அனுப்புவேன். ஐந்து வருடமாக அந்த நோட்டை எழுதுகிற இடத்தில் நான் இருக்கிறேன், ஒரு நூற்பாலையின் மக்கள் தொடர்பு அதிகாரியாக. மகளின் கல்லூரிக் கட்டணம் ஒரு காரணம். எடிஷன் முடிந்து இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பும் வாழ்க்கை இன்னொரு காரணம்.

சேர்ந்த புதிதில் முதலாளிக்கும் எனக்கும் அடைமொழிகளில்தான் தகராறு. ‘மாபெரும்’, ‘உலகத்தரம் வாய்ந்த’ என்று அவர் சேர்ப்பார், நான் அடிப்பேன். ஒருநாள் அன்றைய பேப்பரை அவர் முன்னால் விரித்து, “இதில் எதை முழுசாகப் படித்தீர்கள் சார்?” என்று கேட்டேன். ஊர்க்காரர்களே இறங்கி வாய்க்காலைத் தூர்வாரிய செய்தியில் விரல் வைத்தார். எத்தனை பேர், எத்தனை நாள், எங்கிருந்து எதுவரை என்று இருந்ததே தவிர, அதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. அன்றிலிருந்து என் பேனா அடித்ததை அவர் திரும்ப எழுதவில்லை.

ஆனால் இந்த வேலை எனக்கு உண்மையில் புரிந்தது பஞ்சு குடோன் தீப்பிடித்த இரவில்தான். பஞ்சுப் பொதியில் பிடித்த தீ மேலே அணைந்ததுபோல் இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். தீயணைப்பு வண்டிகள் விடியும்வரை நின்றன. காலை ஐந்து மணிக்கு மேலாளர் அறையில் ஒரு வரி தயாராக இருந்தது: ‘சிறிய தீ விபத்து, யாருக்கும் பாதிப்பில்லை.’

“ஆஸ்பத்திரியில் யாராவது இருக்காங்களா சார்?”

“ரெண்டு பேர். புகைதான். மத்தியானம் வீட்டுக்கு வந்துடுவாங்க.”

நிருபராக இருந்தபோது விபத்து என்றால் நான் ஆலை வாசலுக்கு முதலில் போகமாட்டேன். அரசு ஆஸ்பத்திரியின் புறக்காவல் நிலையத்துக்குத்தான் போவேன். அங்கே ஏட்டிடம் பெயர், வயது, ஊர் எல்லாம் கிடைத்துவிடும். பிறகு வாசல் டீக்கடையில் நின்றால் உறவினர்கள் பேசுவார்கள். எட்டு மணிக்குள் என் பழைய சகாக்கள் அத்தனை பேருக்கும் அந்த இரண்டு பேரைத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு தீ செய்தியில்லை. ‘யாருக்கும் பாதிப்பில்லை’ என்று நாங்கள் சொன்னதுதான் செய்தி. இதை மேலாளருக்கு விளக்க அரைமணி நேரம் ஆனது. கடைசியில் தீப்பிடித்த நேரம், உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கை, சிகிச்சையில் இருக்கும் இருவர், காரணம் இன்னும் தெரியவில்லை என்று நாலே வரி போனது. “மின்கசிவாண்ணே?” என்று ஒரு தம்பி போனில் கேட்டான். தெரிந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சொன்னேன்: மின்கசிவுதான், பழைய வயரிங்.

இந்தத் தொழிலின் முன்னோடி என்று சொல்லப்படும் ஐவி லீயும் நிருபராக இருந்தவர்தான், நியூயார்க் பத்திரிகைகளில். 1906-இல் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து 53 பேர் இறந்தார்கள். நடந்ததைச் சொல்லி அந்தக் கம்பெனிக்காக லீ தயாரித்த அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. அதே லீதான், 1914-இல் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்ட பிறகு, சுரங்க முதலாளியான ராக்பெல்லர் தரப்புக்காகத் தவறான தகவல்கள் கொண்ட பிரசுரங்களை அனுப்பினார். நிர்வாகம் கொடுத்ததை அவர் சரிபார்க்கவில்லை. நிருபராக இருந்தபோது ஒரு தரப்பு சொன்னதை மட்டும் வைத்து எழுதியிருப்பாரா? இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. ஏனென்றால் நானும் ஒருமுறை, நிர்வாகம் சொன்னதை மட்டும் நம்பி, கூலிப் பிரச்சினை பற்றிய செய்தியை நிறுத்தச் சொல்லிப் பழைய நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் மறுத்தான். செய்தி சரியாகவே இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், ஆனாலும் அந்தப் போனை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பி.ஆர்.ஓ. என்றால் நம் ஊரில் சினிமாதான் நினைவுக்கு வரும். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு அந்த வேலையைச் செய்த பிலிம் நியூஸ் ஆனந்தன் புகைப்படக்காரராக இருந்து வந்தவர். வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் படங்களின் விவரங்களைச் சேர்த்து வைத்தார். தகவல் வேண்டியவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். விளம்பரம் செய்ய வந்தவர் ஆவணமாக நின்றார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

போன வருடம் ஆலையின் ஆண்டு விழாவுக்கு ஒரு குறும்படம் எடுத்தோம். நூல் நூற்கும் ரிங் பிரேமில் இருபது வருடமாக, அறுந்த இழைகளைச் சேர்க்கும் சைடர் வேலை பார்க்கும் அக்கா ஒருவரைப் பேச வைத்தோம். கேட்டதற்கெல்லாம் நல்லபடியாகவே சொன்னார். கணவர் இறந்ததையும், இந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்ததையும் சொல்லிக் கண் கலங்கினார். ஆனால் அவர் பார்வை என்மேல் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற மனிதவள அதிகாரிமேல் இருந்தது. நிருபராகப் போனால், ‘பேரு போடாதீங்க தம்பி’ என்று யாரும் துணிந்து சொல்லலாம். அதே சம்பளப் பட்டியலில் இருக்கிறவன் கேமராவோடு வந்தால் எப்படிச் சொல்வது? அதிகாரியை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்டேன்.

“வீட்டுக்காரர் கதைய எடுத்துடுங்க தம்பி. புள்ளைங்க பாக்கும். பேரும் வேணாம்.”

அந்தக் காட்சிதான் படத்தின் உயிர் என்று முதலாளி நினைத்தார். அக்கா வேண்டாம் என்கிறார் என்றேன். வெட்டியபின் மிஞ்சியது அக்காவின் கைகளும் குரலும். ஓடுகிற கதிர்களுக்கு நடுவே அறுந்த இழையை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த விரலால் சேர்ப்பது என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போகும்.

விழா அன்று அக்கா பின்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த விரல்கள் வந்தபோது, மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.