ஆலம்பரைக்கு ஒரு ஸ்பூல்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். பழைய காமிராவுக்கு உறுப்புத் தேடப் புறப்பட்டவனோ பதினோராவது பொருத்தமும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டது சென்னை மாநகரத்தின் பெரிய கடைகளில் அல்ல. கடப்பாக்கம் என்னும் கடற்கரை ஊரில், ஒரு சைக்கிள் கடை வாசலில்.

விஷயம் இதுதான். என் தாத்தாவிடம் ஒரு கோடாக் பெட்டிக் காமிரா இருந்தது. 'பிரௌனி ஸிக்ஸ்-20' என்று பெயர். 1949-ஆம் வருஷம் அவர் குடும்பத்துடன் மதுராந்தகம் வரை ரயிலிலும், அப்புறம் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலுமாகப் பிரயாணம் செய்து, ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்து வந்தார். அப்போது இடிந்த மதில் ஒன்றின் மேல் நாலு வயதுக் குழந்தையாகிய என் தாயாரை உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

சென்ற வருஷம் என் தாயாருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கத் தொடங்கிற்று. "இன்னொரு கண்ணும் போவதற்குள் அந்தக் கோட்டையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அப்பாவின் காமிராவினாலேயே எனக்கு ஒரு படமும் எடுக்க வேண்டும்" என்றார். எண்பது வயதுக்காரியின் ஆசையை மறுக்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

பரணிலிருந்து காமிராவை இறக்கினேன். ஆச்சரியம், விசையைத் தட்டினால் 'டக்' என்று சப்தம் கேட்டது. பெட்டிக் காமிராவில் கெட்டுப்போவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடி, ஒரு தகடு, ஒரு வில், அவ்வளவுதான். ஆனால் பிலிம் போடும் இடத்தில்தான் சங்கடம் காத்திருந்தது.

கோடாக் கம்பெனியார் 1901-ல் '120' என்னும் பிலிமைக் கொண்டு வந்தார்கள். அது இன்றும் கிடைக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அவர்களே '620' என்று இன்னொன்றை வெளியிட்டார்கள். பிலிமின் அகலம் ஒன்றே. பின்னாலுள்ள காகிதமும் ஒன்றே. சுற்றியிருக்கும் ஸ்பூல் மட்டும் வேறு. 620-ன் நடுத்தண்டு மெலிது. இரு முனைகளிலும் உள்ள வட்டங்கள் சிறியவை, தடிமனும் குறைவு. தங்கள் காமிராவுக்குத் தங்கள் பிலிமையே ஜனங்கள் வாங்கவேண்டும் என்பது கம்பெனியின் யுக்தி என்று பலரும் சொல்வதுண்டு. எப்படியானாலும் 1995-ல் 620 பிலிமை நிறுத்திவிட்டார்கள். காமிராக்கள் மட்டும் பரண்களில் நின்றுவிட்டன.

பழைய காமிரா உலகத்தில் இது ஒன்றும் புதிய கதையல்ல. ஜெர்மானிய 'லைக்கா'வின் திருகு லென்ஸுக்கு விட்டம் 39 மில்லிமீட்டர். ருஷ்யாவின் பழைய 'ஸெனிட்' லென்ஸுக்கும் அதே 39 மில்லிமீட்டர்தான். ஒன்றை மற்றொன்றில் திருகினால் பாந்தமாக உட்காரும். ஆனால் லைக்காவில் லென்ஸின் இருக்கைக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் 28.8 மில்லிமீட்டர், ஸெனிட்டிலோ 45.2. ஆகவே படம் தெளிவாக விழவே விழாது. ஜாதகம் பொருந்தியும் மனம் பொருந்தாத தம்பதிகளைப் போல! பழைய ஒளிமானிகளின் கதையும் இதுவே. அவை 1.35 வோல்ட் பாதரச பாட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் விஷம் என்று அந்த பாட்டரிகளைத் தடுத்துவிட்டார்கள். அதே அளவுள்ள 1.5 வோல்ட் பாட்டரியைப் போட்டால் பல ஒளிமானிகளின் முள் பொய் சொல்லும். அளவில் பொருந்துவது வேறு, வேலையில் பொருந்துவது வேறு.

நமக்குத் தேவை இரண்டு 620 ஸ்பூல்கள்: பிலிம் சுற்றியிருக்க ஒன்று, எடுத்த பிலிமைச் சுற்றிக்கொள்ள ஒன்று. காமிராவுக்குள் காலியாக ஒன்று இருந்தது. மற்றொன்றுக்காகச் சென்னையில் இரண்டு வாரம் அலைந்தேன். மூர் மார்க்கெட் இருந்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கலாம். அது 1985-ல் எரிந்துபோயிற்று. ஒரு கடைக்காரர், "ஸ்பூலா? கழுவ வரும் பிலிமிலிருந்து எடுத்துத் தினம் குப்பையில் போட்டோமே!" என்றார். அந்தக் குப்பையை நினைத்து என் வயிறு எரிந்தது. இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாம் என்றார். தபால் செலவைக் கேட்டதும் அமெரிக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

உதகமண்டலத்தில் 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் ஸ்தாபனத்தை அமைத்து, 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்தோம். பரோடாவில் 'அக்பா கிளிக்' காமிராக்கள் செய்தோம். அவை 120 பிலிமுக்கு ஏற்றவை. இரண்டுமே இன்று பழங்கதை. செய்பவன் போனபின் மிஞ்சுகிறவன் பழுது பார்ப்பவனே.

கடைசியில் 120 பிலிம் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தாயாருடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டேன். மாமல்லபுரத்தைத் தாண்டிச் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு பக்கம் உப்பளங்கள், மறு பக்கம் சவுக்கும் பனையும். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழி நாடு இதுதான்.

கடப்பாக்கத்தில் காபி சாப்பிட்டுவிட்டு, பிலிமைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அழுத்தினேன், மறுத்தது. தாயாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அருகில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். "ஐயா, இப்படிக் கொடுங்கள்" என்று வாங்கிப் பார்த்தார். காலி ஸ்பூலையும் பிலிம் சுற்றிய ஸ்பூலையும் இரு கைகளில் வைத்து விரலால் தடவினார்.

"இது குண்டு, அது ஒல்லி. வட்டத்தையும் குறைக்க வேண்டும். தடிமனையும் தேய்க்க வேண்டும். உள்ளேயிருப்பதில் வெளிச்சம் படலாமா?"

"கூடவே கூடாது, பெரியவரே! ஒட்டியிருக்கும் காகிதம் பிரியாமல் இருக்க வேண்டும்."

அவர் தலையசைத்து, கடைக்குள் நிழலுக்குப் போனார். பிலிமின் மேல் துணியைச் சுற்றி, சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி இறுக்கினார். பிறகு காலி ஸ்பூலையே அளவாக வைத்துக்கொண்டு, நயமான அரத்தினால் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ராவினார். உப்புத்தாளில் தேய்த்தார். நாலு தடவை காமிராவில் வைத்துப் பார்த்து, நாலு தடவையும் திருப்பி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் தூளை ஊதித் துடைத்தார். அரைமணி நேரம் சென்றது. ஐந்தாம் தடவை 'கிளுக்' என்று உட்கார்ந்தது.

சுற்றிக்கொள்ளும் பக்கத்தில் சாவியின் நுனி சிறியது. அங்கே உண்மையான 620 ஸ்பூல்தான் வேண்டும். அது எங்களிடம் இருந்தது. சாவியைத் திருப்பினேன். பின்புறச் சிவப்பு ஜன்னலில் '1' என்ற எண் வந்து நின்றது. கூலி என்ன என்றேன். "படம் வந்தால் ஒன்று கொடுங்கள்" என்றார் பெரியவர்.

ஆலம்பரைக்குப் போனோம். மொகலாயர் காலத்துக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறிய துறைமுகம் இன்று செங்கல்லும் சுண்ணாம்புமாய்ச் சிதறிக் கிடக்கிறது. 2004-ன் ஆழிப்பேரலையும் தன் பங்குக்குச் சேதம் செய்தது. தாயார் உட்கார்ந்த மதிலைத் தேடினோம். எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சற்று நின்று, விழுந்து கிடந்த ஒரு செங்கற் பாளத்தைக் கையால் தடவி, "இதுவாகத்தான் இருக்கட்டுமே" என்று உட்கார்ந்தார். கழிமுகத்தில் படகுகள் நின்றன. எட்டுப் படம் எடுத்தேன். வெயிலில் சிவப்பு ஜன்னலைக் கட்டை விரலால் மூடிக்கொள்ள மறக்கவில்லை.

சென்னையில் பிலிமைக் கழுவக் கொடுத்தபோது, "ஸ்பூல் திரும்பி வரவேண்டும்" என்று சீட்டு எழுதி ஒட்டினேன். அது போதாதென்று வாசலிலேயே காத்திருந்து வாங்கிக்கொண்டேன். எட்டில் ஆறு நன்றாக வந்தன. ஒன்று கூடத்தில் பழைய படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாயார் அருகில் போய் நின்று, நல்ல கண்ணால் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். இன்னொன்று கடப்பாக்கத்தில், சைக்கிள் கடைச் சுவரில்.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு காமிரா இருக்கலாம். அதை எடைக்குப் போடுவதற்கு முன், தயவுசெய்து திறந்து பாருங்கள். உள்ளே காலி ஸ்பூல் ஒன்று இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதை அளவாக வைத்து ராவித் தர, எங்கேனும் ஒரு பெரியவர் இருப்பார்.