“அம்மா, குதிரைக்குப் புண்ணு இருக்கு!”

2023 செப்டம்பர். சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. குதிரையேற்றத்தில் டிரெஸ்ஸாஜ் என்று ஒரு பிரிவு உண்டு. குதிரையை விரட்டி ஓட்டுவதில்லை. நாட்டியம்போல அடியெடுத்து வைக்கச் செய்வது. அதில் இந்திய அணிக்குத் தங்கம். குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழித்து நமக்குக் கிடைத்த தங்கம் அது. அணியில் இருந்த நாலு பேரில் ரெண்டு பேர் பெண்கள்: சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங்.

இரவுச் செய்தியில் அதைக் காட்டினார்கள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்க, டி.வி-யை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்த என் சின்னவள் கேட்டாள்... “அம்மா, நம்ம பாண்டியில குதிரை ஓட்ட எங்க கத்துக்குடுப்பாங்க?”

அவளுக்கு அப்போது 10 வயது. அதற்கு முன்பு கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரே ஒரு முறை குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நடக்க, இவள் மேலே உட்கார்ந்து சிரிக்க, நான் போட்டோ எடுத்தேன். எனக்குத் தெரிந்த குதிரை சவாரி அவ்வளவுதான். மற்றபடி, ஊர் எல்லையில் அய்யனார் கோயில் மண்குதிரையைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா செஞ்சிப் பக்கம் பிறந்தவர். பேத்தி கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்கிய தேசிங்கு ராஜன் கதையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். 1714-ல், 22 வயதிலேயே, ஆற்காடு நவாப்பின் படையோடு மோதி உயிரை விட்டவன். எங்கள் பக்கம் கூத்திலும் பாட்டிலும் அவனும் குதிரையும் சேர்ந்தேதான் வருவார்கள். “நம்ம ஊருப் புள்ள குதிர ஏறாம வேற யாரு ஏறுவா?” என்றார் அம்மா. என் வீட்டுக்காரர் மட்டும், “மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்குன கதையா ஆயிடப் போவுது” என்று முணுமுணுத்தார்.

விசாரித்தோம். குதிரையேற்றம் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்லும் பெயர், ஆரோவில்லை ஒட்டி இருக்கும் ‘ரெட் எர்த்’ பள்ளி. ஆரோவில் ஹார்ஸ் ஷோ என்ற போட்டிக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். ‘அதெல்லாம் பெரிய இடம், நமக்கு எதற்கு?’ என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். போய்க் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. நம்மில் பல பேர் பிள்ளைகள் விஷயத்தில் செய்கிற தப்பு இது.

அதற்குப் பதிலாக, செலவு குறைவு, போக்குவரத்து எளிது என்று வேறொரு இடத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். அரையாண்டு விடுமுறையில் 10 நாள் பயிற்சி, முடிவில் சர்டிஃபிகேட் என்றார்கள். வாசலில் பெரிய பேனர், அதில் பாயும் வெள்ளைக் குதிரை. நான் பேனரைப் பார்த்தேன். ஃபீஸைப் பார்த்தேன். பார்க்கிங் வசதியைக்கூடப் பார்த்தேன்.

மூன்றாம் நாள். சின்னவள் குதிரையின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். “அம்மா, குதிரைக்குப் புண்ணு இருக்கு. இங்க, பட்டைக்குக் கீழ. ஈ மொய்க்குது பாரு.”

சேணத்தை வயிற்றோடு இறுக்கும் பட்டையைத்தான் சொன்னாள். நான் போனில் வீடியோ எடுக்கத் தயாராக இருந்தேன். “சும்மா இருடி. அங்கிளுக்குத் தெரியாதா? ஏறு” என்றேன்.

ஏறினாள். காலில் செருப்பு. தலையில் சைக்கிள் ஓட்டும்போது போடும் ஹெல்மெட், அதுவும் தாடைப் பட்டி தளர்ந்து தொங்கியது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குதிரை நாலு அடி நடந்தது, பிறகு காதைப் பின்னால் மடக்கியது, பின்பக்கத்தை ஒரே தூக்காகத் தூக்கியது. வீடியோவில் அதற்குப் பிறகு வெறும் மண்ணும் என் அலறலும்தான்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. தலையில் அடிபடாதது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டு அவள் அழவில்லை. “நான் சொன்னேன்ல?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. குதிரையின் வலியைக் குழந்தை பார்த்துவிட்டாள். பார்த்ததைச் சொல்லவும் சொன்னாள். வாயை மூடச் சொன்னது நான்.

இனி குதிரைப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர். நானும் சரி என்றேன். அவள் எடுக்கவும் இல்லை. ஆனால், ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை வரி விடாமல் சொல்பவள், இப்போது “ஒண்ணுமில்லம்மா” என்று நிறுத்திக்கொண்டாள். கணக்கில் மார்க் குறைந்ததுகூட டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. சொன்னாலும் அம்மா கேட்கமாட்டாள் என்று முடிவு செய்துவிட்டாளோ என்று எனக்குள் ஒரு பயம்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வோம். கட்டோடு நின்ற சின்னவளைப் பார்த்து விஷயத்தைக் கேட்டவர், “என் பேத்தி பிரான்ஸ்ல எட்டு வருஷமா குதிரை ஓட்டுது. அதுகிட்ட பேசுறியா?” என்று வீடியோ காலைப் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு 16 வயது இருக்கும். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. அங்கே ஊருக்கு ஊர் ‘போனி கிளப்’ உண்டாம். குதிரையேற்றச் சங்கத்தில் பதிந்திருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தானாம். கலோ 1-லிருந்து கலோ 7 வரை ஏழு படி. “முதல் படியிலயே, குதிரைகிட்ட எப்படிப் போறது, எப்படி பிரஷ் போடுறது, குளம்பை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு எல்லாம் கேப்பாங்க ஆன்ட்டி. சும்மா ஏறி உட்கார்ந்தா பாஸ் கிடையாது” என்றாள். பிறகு கேட்டாள்... “நீங்க போன இடத்துல பிரஷ் குடுத்தாங்களா?”

கொடுக்கவில்லை. அங்கே பிரஷ் இருந்ததா என்பதே சந்தேகம்.

அன்று அவள் சொன்னதையெல்லாம் சின்னவள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள், நல்ல கையால். எழுதி முடித்து என்னிடம்தான் நீட்டினாள். பல வாரம் கழித்து அவளாக என்னிடம் நீட்டிய முதல் நோட்டு. அதனால்தான் 2024 ஜூனில் மறுபடி தேடக் கிளம்பினேன். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு வாக்குறுதி: பார்த்துவிட்டு மட்டும் வருகிறோம், பணம் கட்டமாட்டோம்.

இந்த முறை நான் போன விதமே வேறு. சொல்லிவிட்டுப் போகவில்லை. காலை 6 மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக லாயத்துக்கே போய் நின்றோம். குதிரை 400, 500 கிலோ எடை உள்ள பிராணி என்றாலும், அதன் வயிறு மிகவும் மென்மையானது. வாந்தி எடுக்க அதனால் முடியாது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்று வலி வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் பூராவும் புல் மேய வேண்டும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ஆக, முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பாசி பிடித்திருந்தால் திரும்பிவிடலாம். ஒரு இடத்தில் அப்படித்தான் திரும்பினோம். இன்னொரு இடத்தில் தொட்டி சுத்தம். ஆனால், குதிரைகளின் குளம்பு ஓரங்கள் உடைந்து, லாடம் ஆடிக்கொண்டிருந்தது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். நமக்கு நகம் வளர்வது மாதிரிதான் அதுவும்.

நாம் மோசமாக வைத்துக்கொள்வது இன்று நேற்றுக் கதை இல்லை போலிருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதையே எழுதி வைத்திருக்கிறார். கடல் வழியாக ஏராளமான குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் அந்த வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்த பேனர் குதிரைதான் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாவதாகப் போன இடம், ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில் முந்திரித் தோப்பெல்லாம் தாண்டி உள்ளே இருந்தது. பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். பேனர் கிடையாது. அரைக்கால் சட்டையோடு ஒருவர் குளம்பைத் தூக்கிப் பிடித்து மண்ணை நோண்டிக்கொண்டிருந்தார். அவர்தான் ஆசிரியர் என்பது பிறகு தெரிந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி, “பாப்பா எவ்வளவு எடை?” குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணத்தையும் சேர்த்து, அதன் முதுகில் ஏற்றக் கூடாதாம். அடுத்து, “முன்னாடி விழுந்திருக்காளா?” மறைக்காமல் சொன்னேன். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “குதிரை இருக்குற இடத்து மண்ணுல அந்தக் கிருமி இருக்கும்மா. அதையும் பார்த்துட்டு வாங்க” என்றார்.

பிறகு, “இன்னைக்குக் குதிரை மேல ஏற முடியாது. வேணும்னா பிரஷ் போடட்டும்” என்றார்.

சின்னவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டில் முதல் வரியே அதுதான்.

அன்று அவள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. அதனால் பக்கவாட்டில், பேசிக்கொண்டே போக வேண்டும். காது முன்னால் இருந்தால் ஆர்வம். பின்னால் ஒட்டிக்கொண்டால் கோபம் அல்லது வலி. இடது பக்கமாகத்தான் ஏற வேண்டும். அந்தக் காலத்துப் போர்வீரர்கள் இடது இடுப்பில் கத்தி தொங்கவிட்டதால் வந்த பழக்கம் என்று ஆசிரியர் சொன்னதும், “அப்ப தேசிங்கு ராஜனும் இந்தப் பக்கம்தானா?” என்று கேட்டாள். அவருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. எனக்குப் பாதி கவலை அங்கேயே போய்விட்டது!

ஃபீஸ் அதிகம். பொய் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் மாசம் முழுக்கப் போகும் டான்ஸ் கிளாஸ் காசு, இங்கே ரெண்டு வகுப்புக்குத்தான் வரும். அதனால் மாசத்துக்கு ரெண்டே வகுப்பு என்று பேசிக்கொண்டோம். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் லாயத்தில் வேலை செய்ய வரலாம், அதற்குக் காசு இல்லை என்றார்கள். சின்னவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவாதவள் அங்கே சாணி அள்ளுகிறாள். வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறு மாதத்திலிருந்து ஃபீஸை அவரே கட்டுகிறார்.

அவளுக்குக் கொடுத்த குதிரை ரேஸில் ஓடி ஓய்வு பெற்றது. வயது 16. குதிரைகள் 25, 30 வருஷம் வாழும். ரேஸில் ஓடுவதோ சில வருஷங்கள்தான். அப்படி வெளியே வரும் குதிரைகளை மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கினால்தான் பள்ளிக்கு ஆகும். பழக்காமல் குழந்தையை ஏற்றும் இடங்களும் உண்டு. எத்தனை நாளாக இங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். முதல் ரெண்டு மாசம் ஆசிரியர் நீளக் கயிற்றில் பிடித்துக்கொள்ள, வட்டமாகச் சுற்றியதோடு சரி. பொருத்தமான ஹெல்மெட், சின்னக் குதிகால் வைத்த ஷூ. குதிகால் இருந்தால்தான் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளாது. வெயில் ஏறுவதற்கு முன் 8 மணிக்கெல்லாம் வகுப்பு முடிந்துவிடும். மே மாதத்தில் பல நாள் வகுப்பே இல்லை.

நடுவில், குதிரையிலேயே சுற்றும் ராஜஸ்தான் சுற்றுலாவைப் பற்றி அவள் எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். காது நுனி ரெண்டும் உள்பக்கம் வளைந்து தொட்டுக்கொள்ளும் மார்வாரிக் குதிரைகளில் கிராமம் கிராமமாகப் போகலாமாம். ஆசிரியரிடம் கேட்டதற்கு, “தனியா ஓட விட்டு, தனியா நிறுத்தத் தெரியட்டும். அப்புறம் பேசலாம்” என்றார். அதோடு அந்தப் பேச்சு நிற்கிறது. என் பர்ஸுக்கும் நிம்மதி.

போன மாதம் ஒரு ஞாயிறு. அன்று அவளுக்கு முதல் முறையாகக் கயிறு இல்லாமல் துள்ளு நடையில் ஓட்ட அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒரு வாரமாக அதே பேச்சு. அம்மாவும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து எங்களோடு வந்திருந்தார். சின்னவள் குதிரையை லாயத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்தவள், பாதியில் நின்றாள்.

“அம்மா, இவன் நடை சரியில்ல. முன்னங்கால ஊன மாட்டேங்குறான்.”

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் கண்ணுக்கு அது நன்றாகத்தான் நடந்தது. பாட்டி வேறு, பேத்தி ஏறுவதைப் பார்க்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறார்.

“நீ அங்கேயே நில்லு” என்று சொல்லிவிட்டு ஆசிரியரைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து காலைத் தடவிப் பார்த்தார், குளம்பைத் தூக்கினார். உள்பக்கப் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் இறுகிக் கிடந்தது. கொக்கியால் நெம்பி எடுத்தார். அந்த இடத்தை விரலால் அழுத்தியதும் குதிரை காலை இழுத்துக்கொண்டது.

“இன்னைக்கு இவனுக்கு லீவு” என்றார் அவர். வேறு குதிரை தரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

கல்லைக் கேட்டு வாங்கிப் பாவாடையில் துடைத்து, என் ஹேண்ட்பேக்கில் போட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், ஸ்கூட்டரில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, வகுப்பில் யார் யாருக்குச் சண்டை, எந்த டீச்சர் யாரைத் திட்டினார் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.