முழங்கை உயரமும் வாஷ்பேசின் உயரமும்

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழில் பயில வருபவருக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் விதிகளுள் ஒன்று: வைஸின் தாடை அவரவர் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். உயர்ந்திருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். இரண்டிலும் அரம் நேராக ஓடாது. குள்ளமானவருக்குக் காலடியில் ஒரு மரப்பலகை இடுவது வழக்கம். வேலையின் துல்லியம் உடலின் அளவிலிருந்து தொடங்குகிறது என்னும் அறிவு பட்டறையில் இவ்வாறு மிக எளிய வடிவில் நிலைபெற்றிருக்கிறது.

1953இல் ஜாலஹள்ளியில் தொடங்கப்பட்ட எச்.எம்.டி.யும், அதன் அருகே 1970களில் உருவான பீன்யாத் தொழிற்பேட்டையும் இவ்வறிவின் வட்டாரங்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் பொருளைத் தள்ளிவிடும் சிறு பட்டறைகள் அங்கு ஏராளம். ஆனால் அதே மனிதர்கள் வீடு திரும்பி முகம் கழுவும் இடத்தில் அந்த அறிவு வந்து சேர்வதில்லை. வாஷ்பேசின் உயரத்தை யாரும் தீர்மானிப்பதில்லை. பிளம்பரின் கைப்பழக்கம் தீர்மானித்துவிடுகிறது.

தரையிலிருந்து 80 முதல் 85 செ.மீ. என்பதே அந்தக் கைப்பழக்கத்தின் எண். இதை உடலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிற்கும் மனிதரின் முழங்கை உயரம் அவருடைய மொத்த உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு அது 104 செ.மீ.; 152 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 96 செ.மீ. வாஷ்பேசினில் கைகள் விளிம்பின்மேல் இயங்குவதில்லை. தொட்டிக்குள், விளிம்பிலிருந்து ஒரு பத்து செ.மீ. கீழே இயங்குகின்றன. ஆகவே 80 செ.மீ. விளிம்பில் கைகள் 70 செ.மீ. மட்டத்துக்கு இறங்க வேண்டும். முழங்கைக்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவில் பெரும்பகுதியை முதுகே குனிந்து ஈடுசெய்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் கீரா 1966இல் வெளியிட்ட குளியலறை பற்றிய ஆய்வுநூலில், தொட்டி தாழ்ந்திருப்பதை ஒரு வடிவமைப்புக் குறையாகச் சுட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நம் கட்டுமானப் பழக்கத்தில் அது பெரிதாகப் பதியவில்லை.

பீன்யாவில் முப்பதாண்டுகளுக்கு மேல் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு டர்னரின் வீடு இங்கே நினைக்கத்தக்கது. அவர் உயரம் 172 செ.மீ.; இடுப்புத் தட்டு விலகலுக்குச் சிகிச்சை பெற்றவர். மனைவி 150 செ.மீ.; பல ஆண்டுகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்தவர். காலையில் பல் துலக்கக் குனிந்து நிமிர்வதே டர்னருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் டேப்பை எடுத்து அளந்தார்: 76 செ.மீ. கட்டும்போது 80 என்று குறிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது டைல்ஸ் பதிப்பதற்கு முந்தைய தளத்திலிருந்து எடுத்த அளவு. கலவையும் டைல்ஸும் சேர்ந்து 4 செ.மீ.யை விழுங்கியிருந்தன.

தம் முழங்கையிலிருந்து பத்து செ.மீ. குறைத்து 98இல் வைக்கலாம் என்று முதலில் கணக்கிட்டார். மனைவி மறுத்தார். அவருடைய முழங்கை 94 செ.மீ.யில் இருந்தது. விளிம்பு அதற்கு மேலே போனால், நீட்டிய கையிலிருந்து நீர் முழங்கைக்கு வழிந்து இரவிக்கைக் கையை நனைக்கும். அட்டைப் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, காலில் வழக்கமான செருப்போடு இருவரும் இரண்டு நாள் மாறி மாறி நின்று பார்த்தனர். 88இல் முடிவாயிற்று. மனைவிக்கு விளிம்பு முழங்கைக்கு 6 செ.மீ. கீழே, கணவருக்குக் குனிவு 12 செ.மீ. குறைவு. சுவரில் பிராக்கெட்டை மேலேற்றி, கழிவுக்குழாயை நீட்டி, கண்ணாடியையும் உயர்த்தியதோடு வேலை முடிந்தது.

அந்தப் பேச்சினிடையே அந்த அம்மாள் சொன்ன ஒரு சொல் கணக்குகளைவிடக் கனமானது: "இத்தனை வருஷத்துல என் கை எந்த உயரத்துல இருக்குன்னு இப்பத்தான் ஒருத்தர் கேக்கறீங்க." அவர் அமர்ந்த தையல் மேசையும் நாற்காலியும் யாரோ ஒருவரின் அளவுக்குச் செய்யப்பட்டவை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, தொழிலாளர் கை கழுவப் போதுமான, தகுந்த வசதி வேண்டும் என்றது. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியாக, மறைப்போடு, எளிதில் அணுகும்படி, தூய்மையாக வேண்டும் என்றும் சொன்னது. யாருடைய உடலுக்குத் 'தகுந்தது' என்பதை அந்தப் பிரிவு கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் வருபவரை முன்னிட்டே அக்கேள்வி விதிகளுக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரவிதிகள், அவர் பயன்படுத்தும் விளிம்பு 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றும், முழங்காலுக்குக் கீழே வெற்றிடம் வேண்டும் என்றும் வரையறுக்கின்றன.

புதிதாக வீடு கட்டுவோர் கருத வேண்டியவை சில. அளவை முடிந்த தரையிலிருந்தே எடுக்க வேண்டும். கிரானைட் பலகைமேல் கிண்ணத் தொட்டி வைப்பதானால், 88 செ.மீ. விளிம்புக்கு 14 செ.மீ. கிண்ணத்தைக் கழித்துப் பலகையை 74இல் பதிக்க வேண்டும். பலகையையே 85இல் பதித்தால் விளிம்பு 99க்கு ஏறிவிடும். உயரமானவரும் குள்ளமானவரும் ஒரே வீட்டில் இருந்தால், குள்ளமானவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே விளிம்பை நிறுத்துவது பொருத்தம். பட்டறையில் இடுவதுபோல ஈரத் தரையில் பலகை இட இயலாது, வழுக்கும்.

சராசரி என்று ஓர் உடல் எந்த வீட்டிலும் வசிப்பதில்லை. 80 என்பது ஓர் எண். 94ம் 108ம் ஒரே வீட்டில் வாழும் இரு மனிதர்களின் முழங்கைகள். வைஸுக்குக் காட்டிய மரியாதையைக் கை கழுவும் தொட்டிக்கும் காட்டுவதற்குத் தேவைப்பட்டவை ஒரு டேப்பும், இருவரையும் நிறுத்தி அளக்கும் பொறுமையும் மட்டுமே.