பூங்காவை ஆர் வாங்குவான்?

2008 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம் டுபாயிலிருந்து மச்சானின் அழைப்பு வந்தது. சுகம் விசாரித்து முடியுமுன்னே கேட்டார்:

"தம்பி, அமெரிக்காவுல பார்க் வெச்சிரிக்கிற பியர் கம்பனிய ஆரோ வாங்கிட்டானாம். இனி அந்தப் பார்க்குகள ஆருக்கு விப்பான்? இங்கிலீஷ் பேப்பர்ல பாத்துச் செல்லு."

பாலமுனை மனிதருக்கு இதிலென்ன அக்கறை என்று கேட்கலாம். ஜெபல் அலியில் கடலை மண்ணால் நிரப்பி எழுப்பிய பேரீச்சைத் தீவோடு, அந்தப் பியர் கம்பனியின் சீ வேர்ல்ட், புஷ் கார்டன்ஸ் பூங்காக்கள் வரவிருப்பதாக அவ்வருடத் தொடக்கத்தில்தான் அறிவித்திருந்தார்கள். அவற்றுக்கென்றே ஓர்காத் திமிங்கில வடிவில் ஒரு தீவாம். மச்சான் அங்கே கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார். பூங்கா எழும்பினால் இன்னும் நாலைந்து வருடம் வேலை உண்டு என்பது அவர் கணக்கு. ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்த காசுக்காக ராத்தாவின் ஆறு காப்புகளும் வங்கியில் அடகிலிருந்தன.

பத்திரிகையில் இருந்தது இதுதான். பெல்ஜியத்தின் இன்பெவ், அன்ஹைசர்-புஷ் நிறுவனத்தை 52 பில்லியன் டொலருக்குப் பேசி முடித்திருந்தது. பெரும்பகுதி கடன். அத்தனை கடன்பட்டு வாங்கியவன் எதையாவது விற்றே ஆகவேண்டும். பியர் ஆலைகளை விற்கமாட்டான், அதற்காகத்தானே வாங்கினான். மிச்சமிருப்பவை பத்துப் பூங்காக்கள். நம் வீடுகளிலும் வயலுக்கு முந்திப் போவது காப்புத்தானே.

சீ வேர்ல்டுக்கு இது புதிதுமல்ல. எழுதுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் அதன் உரிமையாளர் ஹார்கோர்ட் பிரேஸ் என்ற புத்தகப் பதிப்பகம். வேர்ஜீனியா வுல்ஃபையும் எலியட்டையும் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள். 1987இல் ரொபர்ட் மெக்ஸ்வெல் அவர்களை விழுங்க வந்தபோது, தப்புவதற்காகப் பெருங்கடன் பட்டார்கள். அதை அடைக்க 1989இல் பூங்காக்களை 1.1 பில்லியனுக்கு விற்றார்கள். வாங்கியவர் இதே அன்ஹைசர்-புஷ்தான்.

மஃரிபுக்குப் பிறகு தேநீர்க் கடையில் இதே பேச்சாகிவிட்டது. "அறாபிதான் வாங்குவான்" என்றது ஒரு கட்சி. ஆதாரமும் இருந்தது. 2005இல் லண்டன் மெழுகு பொம்மைக் காட்சிசாலைக்காரரான டுசோட்ஸை வாங்கியது டுபாய்ப் பணம். 2007இல் அதையே பிளாக்ஸ்டோனுக்குக் கைமாற்றிவிட்டு ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டதை நான் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. இன்னொருவருக்கு வேறு கவலை. அந்தப் பூங்காக்களில் வருகிறவர்களுக்குப் பியர் இலவசமாக ஊற்றுவார்கள், அறாபி வாங்கினால் அது நிற்கும், மச்சானின் சம்பளமும் ஹலாலாகும் என்றார். ஊற்றுவது 2009 தொடக்கத்தில் தானாகவே நின்றது. செலவைக் குறைத்திருப்பார்கள்.

அடுத்த முறை மச்சான் பேசியபோது என் ஊகத்தைச் சொன்னேன். சிக்ஸ் ஃபிளாக்ஸ் தானே கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறது (2009 ஜூனில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது), பிளாக்ஸ்டோன்தான் வாங்கும் என்றேன்.

"அவன் பார்க் நடத்துறவனா?"

"இல்ல மச்சான். வாங்கி விக்கிறவன்."

சற்று நேரம் பேசாமலிருந்தார். "அப்ப இஞ்ச கட்டமாட்டான்" என்றார்.

2009 ஒக்டோபர் 7ஆம் திகதி பிளாக்ஸ்டோன் வாங்குவது அறிவிக்கப்பட்டது. 2.3 பில்லியன் ரொக்கம், பின்னால் இலாபம் வந்தால் இன்னும் 400 மில்லியன்வரை. என் ஊகம் பலித்தது, சந்தோஷப்பட முடியவில்லை. ஜெபல் அலிப் பூங்காத் திட்டம் அதற்குள் நின்றுபோயிருந்தது. மச்சானின் கம்பனி மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே அவரை ஊருக்கு அனுப்பியிருந்தது. நவம்பர் 25ஆம் திகதி, அங்கே ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, டுபாய் வேர்ல்ட் தன் கடனுக்குத் தவணை கேட்டது. அறாபியும் அடகுக்காரன்தான் என்று அன்று தேநீர்க் கடைக்கும் தெரிந்தது.

ராத்தாவின் நான்கு காப்புகளை மீட்டோம். இரண்டு ஏலத்தில் போயின.

2023 மே மாதம் அபுதாபி யாஸ் தீவில் சீ வேர்ல்ட் திறந்தார்கள். ஓர்கா இல்லாத சீ வேர்ல்ட். அங்கே வேலை செய்யும் மருமகன் வாசலில் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது இப்ப ஆருக்கிட்ட இரிக்கி?"

அபுதாபி அரசாங்கத்தின் மிரால் கம்பனி கட்டியது என்றேன்.

"அறாபிதான் எண்டு அப்பயே செல்லிச்சாங்க. நீதான் கேக்கல்ல."