திருத்தணி: மலை நகரவில்லை, தலைநகரம்தான் மாறியது!

சென்னை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறி, அரக்கோணம் தாண்டி, திருத்தணியில் இறங்கினோம். ஊருக்குள் நுழையும்போதே மலை தெரிகிறது. முருகனின் ஐந்தாம் படைவீடு. வாகனத்தில் மேலே போகச் சாலை இருக்கிறது. ஆனால், "படியேறித்தான் போகணும்" என்று வீட்டில் உத்தரவு. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படிகள், அதாவது 365.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். பக்கத்தில் பூ விற்ற அம்மா எங்களிடம் தமிழில் விலை சொன்னார். அடுத்து வந்த குடும்பத்திடம் சட்டென்று தெலுங்குக்கு மாறினார். என் மகள் ஆச்சரியமாகப் பார்க்க, படியில் அமர்ந்திருந்த பெரியவர் சிரித்தார்.

"இங்க எல்லாருக்கும் ரெண்டும் வரும் பாப்பா. எங்க அப்பா கடைசி வரைக்கும் வீட்டை மாத்தவே இல்ல. ஆனா அந்த வீட்டோட தலைநகரம் மட்டும் மூணு தடவ மாறிடுச்சு!"

விடுகதை மாதிரி இருக்கிறதா? அதுதான் இந்தத் தொகுதியின் தேர்தல் வரலாறு.

சென்னை, கர்னூல், ஹைதராபாத்

1952-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, திருத்தணி அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இந்த ஊர் மக்கள் போட்ட ஓட்டு சென்னைக்குப் போனது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அப்படியே ஆந்திராவுக்குப் போக, திருத்தணியும் கூடவே போனது. 1955-ல் ஆந்திர சட்டமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது, தலைநகரம் கர்னூல். 1956 நவம்பர் 1-ல் ஆந்திரப் பிரதேசம் உருவானதும் தலைநகரம் ஹைதராபாத். மலையும் படியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

தலைநகரம் எங்கே இருந்தால் என்ன என்று தோன்றலாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் படிக்கும், தாலுகா ஆபீசில் எந்த மொழியில் மனு எழுதுவது என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்துப் பெற்றோரின் கவலை புரியும்.

வடக்கெல்லைப் போராட்டம்

அந்தக் கவலையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் தமிழாசிரியர் மங்கலங்கிழார். கிராமம் கிராமமாகப் போய்க் காசு வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் போராட்டத்தில் இறங்கியது. திருப்பதி வரை தமிழகத்துக்கு வேண்டும் என்பது ம.பொ.சி.யின் கோரிக்கை. திருத்தணியில் களத்தை வழிநடத்தியவர் வழக்கறிஞர் கே.விநாயகம். மறியல், கைது, சிறை என்று ஆண்டுக்கணக்கில் நீண்ட போராட்டத்தில் உயிர் விட்டவர்களும் உண்டு.

கடைசியில் படாஸ்கர் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார். மாவட்டத்தை மொத்தமாகப் பார்க்காமல் ஒவ்வொரு கிராமமாகப் பார்ப்பது, அங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று கணக்கிடுவது, எல்லை தொடர்ச்சியாக இருக்கிறதா என்று கவனிப்பது. இதுதான் அவர் வைத்த அளவுகோல். 1959-ல் அதற்கான சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

அந்த மாற்றத்தால் சென்னை சட்டமன்றத்தில் ஓர் இடம் கூடியது. 205 உறுப்பினர்கள் இருந்த சபை 206 ஆனது. இத்தனை ஆண்டுப் போராட்டம், சபைக் கணக்கில் ஒரே ஒரு நாற்காலி! ஆனால் அந்த நாற்காலிக்குப் பின்னால் எத்தனை கிராமங்கள், எத்தனை வீடுகள்!

ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதியும் சித்தூரும் புத்தூரும் அங்கேயே நின்றுவிட்டன. அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பக்கம் தெலுங்குக் குடும்பங்களும் இன்றும் வாழ்கின்றன. பூக்கார அம்மாவுக்கு இரண்டு மொழியும் சரளமாக வருவது அதனால்தான்.

காற்றுக்கு எதிரே ஒரு வெற்றி

திரும்பி வந்த பிறகு சந்தித்த முதல் பொதுத்தேர்தல் 1962. இ.எஸ்.தியாகராஜன் வென்றார். அதே ஆண்டில் இந்த மண்ணில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். ஊருக்கு இரட்டைச் சந்தோஷம்.

1967 தேர்தல்தான் சுவாரஸ்யம். தமிழகம் முழுக்க தி.மு.க. அலை. காமராஜரும் முதலமைச்சர் பக்தவத்சலமுமே தோற்ற தேர்தல் அது. ஆனால் திருத்தணி, காங்கிரஸ் வேட்பாளராக நின்ற கே.விநாயகத்தை ஜெயிக்க வைத்தது. அதே தேர்தலில் ம.பொ.சி. தியாகராய நகரில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். எல்லைப் போரில் தோளோடு தோள் நின்ற இருவரும் சட்டமன்றத்தில் எதிரெதிர் அணி!

அதன் பிறகு தொகுதி பெரும்பாலும் மாநிலத்தின் காற்றோடுதான் போனது. 1971-ல் தி.மு.க., எம்.ஜி.ஆர். காலத்தில் அ.தி.மு.க., 1989-ல் தி.மு.க., 1991-ல் அ.தி.மு.க., 1996-ல் மறுபடி தி.மு.க. கூட்டணி பலத்தில் 2001-ல் பா.ம.க.வும் 2011-ல் தே.மு.தி.க.வும் வென்றன. 2006-ல் மட்டும் கோட்டையில் தி.மு.க. அமர, திருத்தணி அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. 2016-ல் அ.தி.மு.க., 2021-ல் தி.மு.க. தொகுதி மறுசீரமைப்பில் பக்கத்துப் பள்ளிப்பட்டு தொகுதி மறைந்ததால், அந்த எல்லையோரக் கிராமங்களும் இப்போது திருத்தணியோடுதான் ஓட்டுப் போடுகின்றன.

தரிசனம் முடித்து இறங்கும்போது அந்தப் பெரியவர் அதே படியில்தான் இருந்தார். "தேர்தல்னா எங்க வீட்ல காலையிலேயே வரிசைல நின்னுடுவோம். இங்கதான் ஓட்டுன்னு முடிவாகவே எங்க அப்பா காலத்துல அவ்வளவு பாடு" என்றார்.

என் மகளுக்கு அடுத்த வருஷம் 18 வயது. முதல் ஓட்டுக்குப் பதிவு செய்யச் சொல்லி இனி நான் நினைவூட்ட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

நீங்கள் திருத்தணிக்குப் போனால், ஒருமுறையாவது படியேறிப் போங்கள். டிசம்பர் 31 அன்று போனால் படித் திருவிழா பார்க்கலாம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார்கள். பாதியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மொழிகளில் ஒரே "அரோகரா" கேட்கும்.