கேள்விக்குறிகள்

கையெழுத்துப் புரியாத கடிதத்தோடு இரண்டு நாள் மல்லாடினால் படித்துவிடலாம். மழையில் மை கரைந்த கடிதம் அப்படியல்ல. கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டு விதம் உண்டு என்பதைக் கடமலைக்குண்டில் என் மருமகனோடு உட்கார்ந்திருந்தபோது கண்டேன்.

மூல வைகைப் பக்கத்து ஜனங்கள் சிலர் உதவித்தொகை கேட்டிருந்தார்கள். அவர்கள் பெயர்களை டேட்டாபேஸிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பாக்கி ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினான் அவன். படிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. திறந்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ரும் திரும்பத் திரும்ப!

"அம்புட்டும் போச்சு மாமா!"

"போகலைடா. முதல் வரியைப் பார்."

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது எண்தான். யூனிகோட் 1991-லேயே தமிழுக்குத் தனி எண்களை ஒதுக்கிவிட்டது. யூடிஎஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றும் 3 பைட். தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் ஒன்றேதான்; ஆகையால்தான் அந்த ‘ஏ’ விடாமல் வருகிறது. 1998-ல் வந்த எக்ஸ்எம்எல், எந்த முறையில் எழுதியது என்பதை முதல் வரியில் சொல்ல இடம் தருகிறது. சொல்லாவிட்டால் யூடிஎஃப்-8 என்று கொள்வார்கள். இந்தக் கோப்பின் முதல் வரியோ ஐரோப்பிய எழுத்து முறையின் பெயரைச் சொல்லியது. உறையில் ஒரு பாஷை, உள்ளே ஒரு பாஷை! அதைத் திருத்தியதும் பெயர்கள் எழுந்து வந்தன.

எல்லாம் வரவில்லை. சில வரிகளில் வெறும் கேள்விக்குறிகள். டேட்டாபேஸைத் திறந்தால் அங்கேயும் அவையே! தமிழை ஏற்காத ஒரு பழைய பத்தி, தனக்குத் தெரியாத குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அசலைத் தூக்கி எறிந்திருந்தது. கடமலைக்குண்டு என்பதில் எழுத்து 8. கால், கொம்பு, புள்ளிகளைத் தனியே எண்ணும் யூனிகோடில் குறி 13. பேச்சியம்மாள் என்று எழுதினாலும் 13. ஊரும் மனுஷியும் ஒரே கேள்விக்குறி வரிசையாகிவிட்டால் உதவித்தொகையை யாரிடம் கொடுப்பது?

இதற்கு முதல் வரியில் மருந்தில்லை. பத்தியையும், அதற்குப் போகும் இணைப்பையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, காகித மனுக்களைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். மனுக்கட்டு அலமாரியில் இருந்தது அந்த ஜனங்களின் அதிருஷ்டம்.

கோணல்மாணலான எழுத்தைக் கண்டு மிரள வேண்டாம். அதற்குள் பெயர் பத்திரமாக இருக்கக்கூடும். ஒழுங்காக அணிவகுத்து நிற்கும் கேள்விக்குறிகளைக் கண்டால் உடனே டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். அங்கேயும் அவைதான் என்றால், பெயர் போய்விட்டது.