உறையாத தண்ணீர்

மலேசியாவில் பிறந்து வளர்ந்த நமக்குத் தண்ணீர் என்றால் ஓடும், கொதிக்கும், சில நாள் குழாயில் வராது. அவ்வளவுதான். அது ஒரே இரவில் கல்லாகிவிடும் என்பதைத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் படித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் மனத்தளவில் அதை நம்பியதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் படிப்பதற்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மேடிசன் நகருக்குச் சென்றேன். நகரை ஒட்டிப் பெரிய ஏரிகள். மெண்டோட்டா ஏரியின் நடுவில் மனிதர்கள் நடந்துபோவதையும், பனியில் துளையிட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பதையும் பார்த்தபோதுதான் ஐந்தாம் ஆண்டுப் பாடம் உண்மை என்று ஒப்புக்கொண்டேன்.

எனக்கு அறை கொடுத்தவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நா எழவில்லை. 'ஆன்ட்டி' என்றே அழைத்தேன். வீட்டின் பின்புறம் நான்கு பெட்டைக் கோழிகள் வைத்திருந்தார். மேடிசன் நகரில் 2004 முதல் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்க அனுமதி உண்டு. சேவல் மட்டும் கூடாது. நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் அவர் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். கோழிகளுக்குத் தண்ணீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பாயா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

கோழி எனக்குப் புதிதல்ல. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் தோட்ட வீட்டில் இருந்த காலத்தில் பாட்டி பதினோரு கோழிகள் வளர்த்தார். முட்டை விற்ற காசில்தான் என் பள்ளிக் காலணி வந்தது. தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை எனக்கு அதில் பெருமைதான். 2017இல் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். முதல் மாதத்திலேயே என் புத்தகப் பையில் ஓர் இறகு ஒட்டியிருந்ததை ஒருத்தி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் 'ஆயாம்'. மலாயில் கோழி. அந்த ஆண்டின் இறுதியில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். கோழிகளைப் பக்கத்துக் கம்பத்தில் ஒருவருக்குக் கொடுத்தபோது பாட்டி வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

மேடிசனுக்கு வருவோம். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். முட்டையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தண்ணீர் இல்லையென்றால் கோழி தீவனத்தையும் தின்னாது, பிறகு முட்டையும் நின்றுவிடும். குளிரை அது தாங்கும். இறகுதான் அதற்குப் போர்வை. தாகத்தைத் தாங்காது. ஆகவே நான் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் சுமந்துபோய் ஊற்ற வேண்டும். இருட்டிவிட்டால் கோழி பரணில் ஏறி அடைந்துவிடும், தண்ணீர் குடிக்காது. எனவே இரவு கவலையில்லை.

இரண்டாவது வாரம், வெப்பநிலை மைனஸ் இருபதுக்குக் கீழே போன ஒரு நாளில், ஆய்வுக்கூட வகுப்பு நீண்டுவிட்டது. வீடு திரும்ப மாலை ஐந்தரை. கூட்டைத் திறந்து பார்த்தேன். பாத்திரத்தில் தண்ணீர் இல்லை. ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அதன் மேல் அலகால் கொத்திய சின்னச் சின்னக் குழிகள். எவ்வளவு நேரம் கொத்தினவோ தெரியாது. ஆன்ட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒற்றைக் கையால் கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இயந்திரவியல் படிக்கிறவள் நான். இதற்கு ஒரு வழி செய்யாவிட்டால் என்ன படிப்பு? முதலில் உப்பு நினைவுக்கு வந்தது. உப்பு கலந்தால் உறைநிலை குறையும். ஆனால் அவ்வளவு உப்புத் தண்ணீர் கோழிக்கு நஞ்சு. அடுத்து, அந்த ஊரில் கோழி வளர்ப்போர் பலர் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஓர் ஏற்பாட்டை ஆன்ட்டி சொன்னார். ஒரு பிஸ்கட் டின், அதற்குள் ஒரு பல்பு, டின்னின் மேல் தண்ணீர்ப் பாத்திரம். பல்பின் சூடு தகரத்தின் வழியே தண்ணீருக்கு ஏறும்.

அவர் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தது நீல நிற டேனிஷ் பிஸ்கட் டின். உள்ளே ஊசியும் நூலும் பொத்தானும். நண்பர்களே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அதே டின்னில் அதே ஊசி நூல்தான். உங்கள் வீட்டில் மட்டும் வேறா?

டின்னின் பக்கவாட்டில் துளையிட்டு, கூர்மையான விளிம்பு வயரை அறுக்காமலிருக்க இரப்பர் வளையம் போட்டேன். பல்பைப் படுக்கை வாட்டில் பொருத்தி, பாத்திரத்தின் எடையில் மூடி அமுங்காமலிருக்க இருபுறமும் செங்கல் துண்டுகளை வைத்தேன். வைக்கோலில் தீப்பிடிக்கக் கூடாதென்று டின்னையே ஒரு சிமெண்டுப் பலகை மேல் நிறுத்தினேன். பிளாஸ்டிக் பாத்திரத்தை எடுத்துவிட்டு நாகம் பூசிய தகரப் பாத்திரம் வைத்தேன். இரவு சுவிட்சைப் போட்டுவிட்டு வெற்றிப் பெருமிதத்தோடு தூங்கினேன்.

காலையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீரும் உறைந்திருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியில் '60 வாட்' என்று பார்த்துத்தானே மாட்டினேன்? காலை ஏழு மணி. மலேசியாவில் இரவு ஒன்பது. பாட்டிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர் பாட்டி. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னா பல்பு போட்ட? வெள்ளையா, மஞ்சளா?"

"வெள்ளை, பாட்டி."

"அதான். குஞ்சுப் பெட்டிக்கு நாம என்னா பல்பு போட்டோம்? மஞ்ச பல்பு. உங்கப்பா ஒரு தடவ வெள்ள பல்பு மாட்டிட்டு வந்து ரெண்டு குஞ்சு வெறச்சி செத்துப் போச்சே, ஞாபகம் இல்லியா பாப்பா? வெளிச்சம் வேற, சூடு வேற."

பெட்டியை மறுபடி எடுத்துப் படித்தேன். 60 வாட் பல்புக்கு இணையான வெளிச்சம் என்று பெரிய எழுத்திலும், 9 வாட் என்று சிறிய எழுத்திலும் போட்டிருந்தது. எல்.இ.டி. பல்பு. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உறைநிலையில் உள்ள 4 லிட்டர் தண்ணீர் முழுதும் பனிக்கட்டியாக ஏறத்தாழ 13 லட்சம் ஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும். அவ்வளவு வெப்பத்தைத் தர 40 வாட் குண்டு பல்புக்கு ஒன்பது மணி நேரம் போதும். 9 வாட் பல்புக்கு நாற்பத்தொரு மணி நேரம். மூன்று பருவம் வெப்ப இயக்கவியல் படித்தவள் போடாத கணக்கைப் பாட்டி இரண்டு குஞ்சுகளைப் பறிகொடுத்துப் போட்டு வைத்திருந்தார்.

குண்டு பல்பு தேடுவது அடுத்த பாடு. அமெரிக்காவில் 2023 ஆகஸ்டு முதல் சாதாரண குண்டு பல்புகளை விற்கத் தடை. அவனுக்குள் போடும் பல்பு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அப்படி ஒரு 40 வாட் பல்பு வாங்கினேன். குளிர் சுமார் 2 பாகைக்கு இறங்கினால் தானே எரிந்து, 7 பாகைக்கு ஏறினால் தானே அணையும் பிளக் ஒன்றையும் சேர்த்து மாட்டினேன். நாள் முழுதும் எரிந்தாலும் ஒரு யூனிட் மின்சாரம்தான்.

மறுநாள் காலை கூட்டைத் திறந்தபோது பாத்திரத்தில் தண்ணீர் அசைந்தது. ஒரு கோழி குனிந்து அலகை நனைத்து, தலையை அண்ணாந்து விழுங்கியது. பாட்டியின் கோழிகள் குடித்த அதே மாதிரி. எட்டு ஆண்டுகளாக நான் பார்க்க மறுத்த காட்சி அது.

அன்று மீண்டும் பாட்டியை அழைத்து, கோழிகளைக் கொடுத்த நாளில் நான் மகிழ்ந்ததைச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும் பாப்பா. பையத் தெனமும் மோந்து பாத்துட்டுப் போவ. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார். பிறகு, "அந்தக் கோழிங்களுக்குப் பாத்திரத்த தெனம் கழுவிப் போடு. தண்ணி வெதுவெதுன்னு இருந்தா பாசி புடிக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

2025 மார்ச்சில் பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது. எங்கள் நான்கு கோழிகளும் முட்டை இட்டுக்கொண்டிருந்தன. ஆன்ட்டி அக்கம்பக்கத்தாருக்கு முட்டை கொடுக்கும்போதெல்லாம், "தண்ணீர் இந்தப் பெண்ணின் பாட்டி கொடுத்தது" என்று சொல்லுவார்.

மே மாதம் ஊர் திரும்பினேன். அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க முடியாது. பாட்டி தம் நீல டின்னை எடுத்து மடியில் வைத்து, "இதுல எங்க ஓட்டை போட்ட, காட்டு" என்றார். காட்டினேன். உறைதல், உருகுதல், வெப்பக் கடத்தல் என்று ஐந்தாம் ஆண்டில் படித்த சொற்களைச் சொல்லியே விளக்கினேன். இடைநிலைப்பள்ளியில் அவற்றை மலாயிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்தேன். பாட்டிக்கு விளக்கும் நாள் வந்தபோது தமிழ்ச் சொற்கள்தாம் கைகொடுத்தன.

எல்லாம் கேட்டுவிட்டுப் பாட்டி சொன்னார்: "மூடியில செங்கல்லு வச்சது நல்ல யோசனை. அது எனக்குத் தோணியிருக்காது."

நான் வாங்கிய மதிப்பெண்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.